அபராதம் அரசுக்கு, ஆறுதல் யாருக்கு?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

விஞ்ஞானம் விண்ணை முட்டி நிற்கும் இந்நாளில், நம்முடைய பெயரும் முகமும் பிறந்த தேதியும் நம்மைக் கேளாமலேயே ஊர் சுற்றி வருகின்றன என்பதை மறுப்பார் உண்டோ? வீட்டுக்குக் கதவும் கதவுக்குத் தாழ்ப்பாளும் வைத்த நம் முன்னோர், வீட்டு விவரங்களுக்கும் ஒருநாள் பூட்டு வேண்டியிருக்கும் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். அந்தப் பூட்டாக நம் நாடாளுமன்றம் இயற்றியதே 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 'தரவு' என்ற சொல்லைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். பெயர், முகவரி, தொலைபேசி எண், ஆதார் எண், புகைப்படம், மருத்துவர் எழுதித் தந்த சீட்டு என்று நம்மை இன்னார் எனக் காட்டிக் கொடுக்கும் எந்த விவரமும் தரவுதான். இது நல்ல சட்டமா என்று கேட்டால், நல்ல சட்டம்தான் என்போம். அதன் பலன் எங்களைப் போன்ற சிறுமியரின் கைக்கு வந்து சேருமா என்று கேட்டால், அங்கேதான் எங்களுக்கு ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தையே இங்கு எழுதத் துணிந்தோம்.

"ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கும் உங்களிடம் திருடுவதற்கு அப்படி என்ன இரகசியம் இருக்கிறது?" என்று சில பெரியவர்கள் சிரிப்பதுண்டு. மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் அப்பா, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் மாமா, இவர்களுடைய விவரம் யாருக்கு வேண்டும்? வேண்டும்! நிறையப் பேருக்கு வேண்டும்! எங்களுக்கு மூத்த அக்காமார் சிலர் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த வாரமே அவர்கள் வீடுகளில் தொலைபேசி ஓயாமல் அலறியது. அழைத்தவை நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத கல்லூரிகள். மாணவியின் பெயர் தெரிந்திருந்தது, எடுத்த பாடப்பிரிவு தெரிந்திருந்தது, ஒரு வீட்டில் தந்தையார் என்ன தொழில் செய்கிறார் என்பதும் தெரிந்திருந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டார்களாம். தொந்தரவு என்று சொல்லி நம் வீட்டார் அதை மறந்துவிட்டார்கள். ஆனால் அந்த விவரத்தை யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு விலைக்கு விற்றிருக்கிறார் அல்லவா? நம் வீட்டு மாங்காயை அடுத்தவர் பறித்து விற்றால் சும்மா இருப்போமா?

அந்தரங்கம் என்பது பணக்காரர் வீட்டுச் சங்கதி என்று எண்ணுவது தவறு. 1994-இல் நக்கீரன் பத்திரிகையின் ஆசிரியர் தமிழ்நாட்டு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தன்னைத் தன் போக்கில் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று உச்சநீதிமன்றம் கூறியது. பின்னர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி அவர்கள், தம் 86-ஆம் வயதில், 2012-இல் ஆதாரைப் பற்றி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில்தான் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அரசியல் சாசனம் தந்த அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். எங்கள் அத்தைமாரும் சித்திமாரும் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், வீட்டிலிருந்து வரும் இன்லண்டு கடிதம் பிரித்துப் படிக்கப்பட்ட பிறகே கைக்கு வருமாம். இன்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று அழுதிருப்பார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. (சகோதரியர் கோபிக்க வேண்டாம்!)

சட்டத்துக்கு வருவோம். அதன் விதிகளை மத்திய அரசு 2025 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தன்று, அறிவித்தது. வாரியம் அமைப்பது பற்றிய பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. விவரங்களை வாங்கி வைத்திருப்போரின் கடமைகளைப் பற்றிய பெரும்பகுதிக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதாவது 2027 மே மாதம்வரை. இச்சட்டத்தில் சிறைத் தண்டனை இல்லை, அபராதம் மட்டுமே. ஆனால் அபராதத் தொகையைப் பார்த்தால் தலை சுற்றும்! விவரங்களைத் தக்கபடி காவாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை. களவு போனதை வாரியத்துக்கும் உரியவர்களுக்கும் தெரிவிக்காமல் மறைத்தால் 200 கோடி வரை. 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களில் விதி மீறினாலும் 200 கோடி வரை. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எங்கள் விவரங்களை வாங்கக் கூடாது, நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று பின்தொடர்ந்து எங்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்பவை அவ்விதிகள். எங்களைக் காக்க இவ்வளவு பெரிய தொகையா என்று முதலில் மகிழ்ந்துதான் போனோம்.

பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். சென்னையில் தலைமை அலுவலகம் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024-இல் களவு போயின. 3 கோடியே 10 லட்சம் பேருடைய விவரங்கள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஒருவன் அவற்றை டெலிகிராமில் கடை விரித்தான். மருத்துவ அறிக்கைகளும் அவற்றில் இருந்தன என்பதுதான் கொடுமை. ஒருவருக்கு என்ன நோய் என்பது அவருக்கும் மருத்துவருக்கும் தெரிந்தால் போதாதா? நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தில் டெலிகிராம் மீதும் அத்திருடன் மீதும் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றது. அந்த நாளில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்து, குற்றம் நிறுவனத்தின் மீதே என்று முடிவாகி, அதிகபட்ச அபராதமான 250 கோடியும் விதிக்கப்பட்டதாக வைத்துக் கொள்வோம். அதை 3 கோடியே 10 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 80 ரூபாய் 64 காசு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவாவுக்குக் கூட அது பற்றுமா என்பது சந்தேகமே!

அந்த 80 ரூபாயாவது கைக்கு வருமா? வராது. சட்டத்தின் 34-ஆம் பிரிவைப் படியுங்கள். அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கஜானாவுக்குப் போய்ச் சேரும். விவரத்தைப் பறிகொடுத்து, வெட்கப்பட்டு, தூக்கம் இழந்தவர்களுக்கு ஒரு காசு தரும்படி இச்சட்டத்தில் எங்கும் சொல்லவில்லை. அதுமட்டுமா? கவனக்குறைவால் விவரங்களைக் கசிய விட்ட நிறுவனம், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்றொரு பிரிவு உண்டு. புதுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு அதை நீக்குகிறது. பழைய சட்டத்தின் பிற பிரிவுகளில் இழப்பீடு கேட்க இன்னும் சில வழிகள் இருக்கின்றன என்றாலும், இந்தக் காரியத்துக்கென்றே எழுதிய பிரிவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காதது சரியன்று என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

இழப்பீடு என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு நம் தென் சீமையிலேயே சான்று உண்டு. தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கியில் கணக்கு வைத்துக்கொண்டு அபுதாபியில் உழைத்த தமிழர் ஒருவர், 2007-இல் வங்கியிலிருந்து வந்ததுபோல் வந்த போலி மின்னஞ்சலை நம்பி விவரங்களைக் கொடுத்துவிட்டார். அவர் கணக்கிலிருந்து 6 லட்சத்து 46 ஆயிரம் ரூபாய் வேறொரு கணக்குக்குப் போய்விட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே இத்தகைய புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. அவர் 2010 ஏப்ரலில், வங்கியின் பாதுகாப்பில் குறை உண்டு என்று கண்டு, 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டார். ஏமாந்தவர்மேல் பழியைப் போட்டுக் கைகழுவிவிட வங்கியால் முடியவில்லை! ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. வங்கி மேல்முறையீடு செய்தது. தில்லித் தீர்ப்பாயம் 2019-இல்தான் அத்தீர்ப்பை உறுதி செய்தது. 2007-க்கும் 2019-க்கும் இடையே 12 ஆண்டுகள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை பிளஸ் டூ முடித்து வெளியேறும் காலம் அது.

அயல்நாட்டில் எப்படி என்று பார்த்தால், ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் அபராதமும் விதிக்கிறது, பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கவும் இடம் கொடுக்கிறது. எங்கள் வயதுப் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் ஊரார் பார்க்கும்படி விட்டதற்காக, 2022-இல் அயர்லாந்து நாட்டு ஆணையம் இன்ஸ்டாகிராமுக்கு 40 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அங்கே இரண்டும் கூடி இருக்க முடியுமென்றால் இங்கே ஏன் முடியாது?

சரி, குறையோடு இருக்கும் சட்டத்தையாவது பயன்படுத்தத் தெரிய வேண்டாமா? புகார் செய்யும் முறையைச் சொல்லுகிறோம். எடுத்த எடுப்பில் வாரியத்துக்கு எழுத முடியாது. முதலில் நம் விவரத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே எழுத வேண்டும். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், யார் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்கலாம். திருத்து என்றும் அழித்துவிடு என்றும் சொல்லலாம். அந்தக் கல்லூரிக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்! குறையைத் தீர்க்க நிறுவனத்துக்கு அதிகபட்சம் 90 நாள். தீர்க்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். தில்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை, எல்லாம் கணினி வழியே. வாரியம் ஆறு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் அவகாசத்தை நீட்டிக்கலாம். முடிவு பிடிக்காதவர் 60 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். பொய்ப் புகார் கொடுத்தால் கொடுத்தவருக்கே 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆகையால் பக்கத்து வீட்டுக்காரர்மேல் உள்ள கோபத்தைத் தீர்க்க இது வழியன்று.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் இச்சட்டம் பாயவும் பாயாது. சொந்த வீட்டுக் காரியத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் விவரங்கள் இதற்குள் வரா. காகிதத்திலேயே கிடக்கும் விவரமும் வராது. ஜெராக்ஸ் கடையில் தவறிப்போய் விட்டு வந்த ஆதார் நகல் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அதே ஆதாரை உதவித்தொகை விண்ணப்பத்துக்காக பிரவுசிங் சென்டரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினோமானால் உள்ளே வந்துவிடுகிறது. நாமே ஊரறியப் போட்டுவிட்ட படத்துக்கும் இச்சட்டம் துணை வராது. அதைத் தவறாகப் பயன்படுத்தினால் போலீஸும் வேறு சட்டங்களும் உண்டு. அரசைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-இல் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர் சுமார் 50 லட்சம் பேருடைய விவரங்கள் இணையத்தில் வெளியானதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ரேஷன் கடைக்குப் போகாத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஆனால் நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களைச் சொல்லி அரசு அமைப்புகளுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. தனியாருக்கு 250 கோடி, தனக்கு விலக்கு என்றால் கேட்கச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இனி, பெற்றோர்களே, உங்களிடம் பேச வேண்டியதைப் பேசிவிடுகிறோம். இச்சட்டத்தின்படி 18 வயது நிரம்பும்வரை எங்கள் சார்பில் சம்மதம் தருபவரும் நீங்கள், உரிமை கோருபவரும் நீங்கள். புகார் எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. ஆகையால் உங்களிடம் சொல்ல அஞ்சும் பெண்ணுக்கு இச்சட்டம் இருந்தும் இல்லாததுதான். அவள் ஏன் அஞ்சுகிறாள்? படத்தை எவனோ எடுத்து மாற்றி மிரட்டினான் என்று வீட்டில் சொன்னால், முதலில் வருவது "நீ ஏன் போனை எடுத்தாய்?" என்ற கேள்வி. அடுத்து போன் பிடுங்கப்படும். அதற்கடுத்து டியூஷன் நிற்கும். சில வீடுகளில் பள்ளிக்கூடமே நிற்கும், மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் தொடங்கும். தவறு செய்தவன் தெருவில் நடக்கிறான், விவரத்தைப் பறிகொடுத்தவள் வீட்டுக்குள் அடைகிறாள். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். சட்டத்தின் அபராதத்தைக் காட்டிலும் எங்கள் அப்பாவின் கோபத்தையே அவன் துணையாக நம்புகிறான். 200 கோடி அபராதத்துக்குப் பயப்படும் நிறுவனம் இருக்கலாம். ஓர் அம்மா மகளின் தோளில் கைபோட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குள் நுழைந்தால் பயப்படாத போக்கிரி கிடையாது.

பள்ளிக்குக் கெட்ட பெயர் வருமே என்ற பயமும் ஒன்று உண்டு. சகோதரியருக்கும் இது தெரியும். போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டுமன்று, வீட்டாரின் விவரம், பள்ளி, தெரு எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்கிறது. அந்தத் திரை எங்களுக்காகவே கட்டப்பட்டது. ஆகையால் மிரட்டலும் ஆபாசமும் கலந்த விஷயத்தில் 90 நாள் காத்திருக்க வேண்டாம். 90 நாளில் ஒரு படம் ராஜபாளையத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு எத்தனை முறை போய் வரும்! நேரே போலீஸுக்குப் போக வேண்டியதுதான். மாவட்டத்தில் சைபர் குற்றங்களுக்கென்றே தனிக் காவல் நிலையம் உண்டு. பணம் பறிபோனால் 1930. குழந்தைகளுக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098.

வக்கீல் வைக்க வசதி ஏது என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறோம். ஆண்டாள் கோயில் கோபுரத்தையும் தேரையும் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனையோ முறை போயிருப்பீர்கள். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பதும் அங்கேதான். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்ணாகவோ குழந்தையாகவோ இருந்தாலே இலவசச் சட்ட உதவி பெறலாம். வருமானச் சான்றிதழ் வேண்டியதில்லை. நாங்கள் பெண்களும் ஆவோம், குழந்தைகளும் ஆவோம். இரண்டு தகுதி எங்களுக்கு! அந்த உதவி கோர்ட்டு வழக்குக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். எந்த அதிகார அமைப்பின் முன் நடக்கும் காரியத்துக்கும், வெறும் ஆலோசனைக்கும்கூட உண்டு என்று அச்சட்டமே கூறுகிறது. அப்படியானால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு எழுதும் புகாருக்கும் அங்கே உதவி கேட்கலாம் அல்லவா? ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரைமணிப் பயணம். போனிலேயே கேட்க 15100 என்ற எண் இருக்கிறது.

புகார் தமிழில் எழுதப்பட வேண்டும் என்பதும் எங்கள் விருப்பம். நம்மிடம் சம்மதம் கேட்கும் அறிவிப்பை, அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் நாம் விரும்பும் மொழியில் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. சம்மதத்தைத் தமிழில் கேட்பவர்கள் புகாரையும் தமிழில் வாங்கிக்கொள்ள வேண்டாமா? ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவருக்கு மட்டும்தான் நீதி என்றால், மில்லில் வேலை செய்யும் அம்மாமார் எங்கே போவார்கள்? கான்வென்டில் படிக்கும் நாங்களே ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுத மூன்று முறை அடித்துத் திருத்துகிறோம்.

தலைமை ஆசிரியை அவர்களிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரிடமும் எங்கள் வேண்டுகோள் பெரிதன்று. ஆண்டுதோறும் நவம்பர் 9 தேசியச் சட்டப்பணிகள் தினம். நவம்பர் 14 குழந்தைகள் தினம். இடைப்பட்ட நாட்களில் ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆணைக்குழுவிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞரை நம் பள்ளிக்கு அழைக்க வேண்டும். அன்று பாட்டும் நடனமும் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. அம்மாமாரையும் அழைக்க வேண்டும், முடிந்தால் அப்பாமாரையும். மாலை ஷிப்ட் உள்ளவர்களுக்காகக் காலையில் வைத்தால் நல்லது. ஒரு நிறுவனத்துக்குப் புகார் எழுதுவது எப்படி என்று அங்கேயே எழுதிப் பழக்க வேண்டும். அதுவரை, நுழைவாயில் அருகே உள்ள கரும்பலகையின் ஓரத்தில் 15100, 1930, 1098 என்ற மூன்று எண்களை எழுதி வைக்க எங்களுக்கு இடம் தர வேண்டும். அழகாக எழுதக் கூடியவர்கள் எங்கள் வகுப்பில் நால்வர் இருக்கிறோம். சுண்ணக்கட்டி மட்டும் கொடுத்தால் போதும்.